விண்ணப்பதாரர் கையொப்பம்

நாய் குளிப்பாட்டுவதில் பாதி வேலை வாயால் செய்ய வேண்டியது. தண்ணீரும் சோப்பும் சீப்பும் அதற்கப்புறம்தான். ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. தெருவெல்லாம் சேறு. தெருவில் இருந்த வளர்ப்பு நாய்கள் அத்தனையும் அதில் புரண்டு எழுந்திருந்ததால் நாயம்மாவுக்கு மூச்சு விட நேரமில்லை. வீட்டின் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே, ரப்பர் விரிப்புப் போட்ட மேசைமேல் அன்றைக்கு மூன்றாவது ஆள் நின்றுகொண்டிருந்தான். உடம்பெல்லாம் சடை. வால் இரண்டு காலுக்கு நடுவில்.

“என்னடா ராசா, யாரு உன்னைத் திட்டினா? சேத்துல புரளத் தெரியுது, குளிக்க மட்டும் கசக்குதா? அஞ்சே நிமிஷம். மாப்பிள்ளை மாதிரி ஆக்கி அனுப்பறேன்.”

பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் வைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரைத் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டு, பின்னங்காலில் ஆரம்பித்து மெல்ல மேலே வந்தாள். முகத்தில் எடுத்தவுடன் தண்ணீர் பட்டால் அதோடு அந்த நாய்க்கும் அவளுக்கும் உறவு முறிந்துவிடும். காதுக்குப் பின்னால் சிக்குப் பிடித்திருந்த முடியை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரலாலேயே பிரித்தாள். அவசரக்காரர்கள் அந்த இடத்தில் கத்தரியை வைத்துவிடுவார்கள். தோலும் சேர்ந்து வந்துவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு நாய்க்கு நகம் வெட்ட நாலு பேர் பிடித்தும் முடியாமல் போக, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்த இவள் போய், அதன் காதில் ஏதோ சொல்லி, பதினெட்டு நகத்தையும் வெட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் நாயம்மா. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கவலைப்பட்டது வீட்டுக்காரர்.

அவர் குடிநீர் வாரிய அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். கடைசிப் பன்னிரண்டு வருஷம் கண்காணிப்பாளர். தெருவில் இன்னும் எல்லோருக்கும் அவர் சூப்பிரண்டு சார்தான். அலுவலகம் போய்வந்த காலத்தில், மனைவி பகலில் நாய் குளிப்பாட்டுவது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார். ஓய்வு பெற்ற பிறகு அது முடியவில்லை. பின்பக்க ஜன்னல் வழியாக எல்லாமே தெரிந்தது.

ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. காலையில் ஒன்பதரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். பேப்பரில் டெண்டர் அறிவிப்பு வரைக்கும் படிப்பார். அடுக்களை டப்பாக்களுக்கெல்லாம் வரிசை எண் ஒட்டி வைத்தார். “சீரகம் எங்கேங்க?” என்றால், “பதினாலு பார்” என்பார். பால்காரர் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வாசலில் தொங்கியது. பால்காரர் இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் நோட்டின்மேல் பால் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சடைநாயைத் துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிராணி மருத்துவமனை டாக்டரம்மா வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். குடையை மடக்கியபடி நேராகப் பின்பக்கமே வந்துவிட்டார்.

“அக்கா, எங்க ஆஸ்பத்திரியில பக்கவாட்டுல ஒரு ரூம் சும்மா கிடக்கு. தொட்டி இருக்கு, சுடுதண்ணி இருக்கு, காய வைக்கிற மெஷின் இருக்கு. நீங்க வந்து எடுத்துக்கோங்க. உங்க தொழில், உங்க கணக்கு. நான் குறுக்க வரமாட்டேன்.”

நாயம்மாவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. “என்ன டாக்டர், கிண்டல் பண்றீங்களா?”

“கிண்டல் இல்லக்கா. ஆனா ஒரே ஒரு விஷயம். சொந்தமாத் தொழில் பண்றவங்க யாரா இருந்தாலும் வரி எண் இருந்தாத்தான் உள்ள விடணும்னு எங்க கணக்கர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குள்ள கொண்டுவந்து காட்டிடுங்க. வேற ஒரு கம்பெனியும் அந்த ரூமைக் கேக்குது. அவங்க நாயைத் தூக்குற தூக்கைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு.”

“வரி எண்ணா? அதுக்கு எங்க போகணும்?”

“வரி ஆபீஸ்லதான். நாலு பக்க படிவம். நிரப்பிக் குடுத்தா அன்னிக்கே குடுத்துடுவாங்க.”

படிவம் என்ற சொல் பின்பக்க ஜன்னலைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். சூப்பிரண்டு வெளியே வந்து நின்றார். இரண்டு வருஷமாக அந்த முகத்தில் பார்க்காத வெளிச்சம்.

“என்ன படிவம்?” என்றார்.

அவள் துவட்டிய நாயையே மறுபடி துவட்ட ஆரம்பித்தாள்.

மறுநாளே அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் படிவத்தை வாங்கிவந்தார். ஒன்று அசல். ஐந்து நகல், ஒத்திகை பார்க்க. சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து, பென்சில் சீவி, அழிரப்பர், அடிக்கோல் எல்லாம் வரிசையாக வைத்தார். அன்றையிலிருந்து இருவரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

“எனக்குக் குடுங்க, நானே எழுதிடறேன்” என்றாள்.

“நீ எழுதி, அவங்க திருப்பி அனுப்பி, அலையணுமா? நான் முப்பத்து நாலு வருஷம் இதைத்தான் பாத்தேன். நூறு விண்ணப்பம் வந்தா எழுபதைத் திருப்பி அனுப்பியிருக்கேன். எங்கெங்க தப்பு பண்ணுவாங்கன்னு எனக்குக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லத் தெரியும்.”

“அந்த எழுபது பேரும் உங்களை என்னன்னு திட்டியிருப்பாங்க?”

“திட்டட்டும். ஆனா ஒருத்தனும் நான் சொன்னது தப்புன்னு சொன்னதில்ல.”

முதல் மூன்று நாள் முகவரியில் போயிற்று. வீட்டு எண்ணில் பழையதா புதியதா, இரண்டையும் போடுவதா, நடுவில் சாய்கோடு போடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். வெளியூரிலிருந்து மகள் போன் பண்ணினாள்.

“அம்மா, இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்ணலாமே. பத்து நிமிஷ வேலை.”

“அப்பாகிட்ட சொல்லு” என்று போனை நீட்டினாள்.

“கம்ப்யூட்டர்ல பண்ணினா அத்தாட்சி எங்க? முத்திரை எங்க? நாளைக்கு இல்லன்னு சொன்னா யாரு சட்டையைப் பிடிக்கிறது?” என்றார் சூப்பிரண்டு. மகள் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே, “அம்மா, உன் பாடு” என்று வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் ‘தொழிலின் தன்மை’ என்ற கட்டத்துக்கு வந்தார். அங்கேதான் சண்டை.

“என்ன எழுதியிருக்கீங்க, படிங்க பாப்போம்.”

“‘வளர்ப்புப் பிராணிகள் தூய்மை மற்றும் புறத்தோற்றப் பராமரிப்புச் சேவை.’ எப்படி?”

“யாரு அது?”

“நீதான்.”

“நான் நாய் குளிப்பாட்டறேன். நகம் வெட்டறேன். முடி வெட்டறேன். அதை எழுதுங்க.”

“அதை எப்படி எழுதறது? அங்க இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“நாய் குளிப்பாட்டறாங்கன்னு நினைப்பாங்க.”

“உனக்குப் புரியல.” அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “ஒரு சூப்பிரண்டு வீட்டுல…”

“சூப்பிரண்டுக்கு யாரும் எண் கேக்கல. நாயம்மாவுக்குத்தான் கேட்டாங்க.”

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் அழிரப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துவிட்டு மறுபடியும் அதையேதான் எழுதினார், கொஞ்சம் சின்ன எழுத்தில். அவளும் விட்டுவிட்டாள். வெளியில் இரண்டு நாய்கள் காத்திருந்தன. ஒன்றன் நகம் கறுப்பு. கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியாது. துளித் துளியாக வெட்ட வேண்டும். மனசை வேறெங்கும் வைக்க முடியாது.

ஆனால் வேலை முடிந்து கையைக் கழுவும்போது நினைத்துப் பார்த்தாள். வீட்டு வாடகைச் சீட்டு, மின்சாரம், காஸ், தண்ணீர் வரி, போன் எல்லாமே அவர் பெயரில். அவள் பெயர் அச்சடித்து வந்தது கல்யாணப் பத்திரிகையில் ஒரு தரம். அடுத்தது இதுதான். அதை நினைத்தால் உள்ளங்கை குறுகுறுத்தது. ‘வெள்ளிக்கிழமை ஒரு மணி’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் அசல் படிவம் தயாரானது. நீலப் பேனா. ஒவ்வொரு எழுத்தும் அச்சில் வார்த்த மாதிரி. அவளிடம்கூடக் கொடுக்காமல் உறையில் போட்டு, உறையை இன்னொரு உறையில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வரி அலுவலகம் மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே போய்ச் சீட்டு வாங்கிவிட்டார்கள். நீளக் கூடம், இரும்பு நாற்காலி வரிசைகள், சத்தம் போடும் மின்விசிறி. நனைந்த குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரம். ஆட்கள் படிவத்தைத் தொடையில் வைத்தும் சுவரில் வைத்தும் எழுதிக்கொண்டிருந்தார்கள். சூப்பிரண்டு அவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

“பாரு, பென்சில் கிடையாது, ஒண்ணு கிடையாது. நேரா பேனாவுல இறங்கிட்டாங்க” என்றார் பரிதாபமாக.

பதினொன்றே காலுக்கு அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண். மகள் வயசு. சூப்பிரண்டு இரண்டு உறையையும் பிரித்துப் படிவத்தை நீட்டினார். அந்தப் பெண் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஐயா, இது நீங்க எழுதினதா? இப்படி ஒரு கையெழுத்தை நான் இந்த ஆபீஸ்ல பாத்ததே இல்ல.”

“பழக்கம்மா” என்றார் அவர். காது சிவந்தது.

இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். நாலாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

“விண்ணப்பதாரர் இந்த அம்மாதானே?”

“ஆமா.”

“அப்ப இது யாரு கையெழுத்து?”

நாயம்மா எட்டிப் பார்த்தாள். அடியில், கோட்டின்மேல், சாய்ந்து வளைந்து, கீழே ஒரு கோடும் இரண்டு புள்ளியுமாக அவருடைய கையெழுத்து. பக்கத்தில் தேதி. அதற்கும் கீழே, முத்திரை வைக்க இடம் விட்டு, சின்னதாகக் ‘கண்காணிப்பாளர்’ என்றுகூட எழுதியிருந்தார்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் காகிதத்தின் அடியில் கோட்டைக் கண்டால் கை தானாகப் போட்ட கையெழுத்து அது. எப்போது போட்டார் என்று அவருக்கே நினைவில்லை.

“அடிச்சுட்டு… பக்கத்துல அவங்களைப் போடச் சொன்னா…” என்று இழுத்தார்.

“அடித்தல் திருத்தல் கூடாதுன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கே, ஐயா.”

“ஆமா” என்றார் சூப்பிரண்டு மெதுவாக. “போட்டிருக்கு.”

அந்தப் பெண்ணுக்கே பாவமாக இருந்தது போல. ஒரு புதுப் படிவத்தை எடுத்து நீட்டினாள். “இதை எழுதிக்கிட்டு நேரா எங்கிட்டயே வாங்கம்மா. மறுபடி சீட்டு வேண்டாம். ஆனா பன்னெண்டு மணிக்கு கவுன்ட்டர் மூடிடுவோம்.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்து மூன்று. நாயம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒன்பது நாள்! ஒன்பது நாள் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டதெல்லாம் இதற்குத்தானா! திரும்பி அவரைப் பார்த்தாள். மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து, தலைமுதல் கால்வரை நனைந்த நாய் மாதிரி இருந்தார். அதைப் பார்த்ததும் எங்கிருந்தோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது.

“சிரிக்காத” என்றார்.

“இல்லீங்க… கண்காணிப்பாளர்னு வேற போட்டிருக்கீங்களே!”

“சிரிக்காதன்னா.” ஆனால் அவர் மீசையும் லேசாக நடுங்கியது. புதுப் படிவத்துக்குக் கையை நீட்டினார்.

“பேனாவைக் குடுங்க” என்றாள் அவள்.

“நீயா?”

“நான்தானே விண்ணப்பதாரர். குடுங்க.”

கொடுத்தார். அவள் நாற்காலியின் கைப்பிடியில் படிவத்தை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பெயர். முகவரி, பழைய எண்ணைத் தலையைச் சுற்றி எறிந்துவிட்டுப் புதிய எண்ணை மட்டும் எழுதினாள். எழுத்து ஏறியும் இறங்கியும் போனது. தொழிலின் தன்மை: நாய் குளிப்பாட்டுதல், முடி நகம் வெட்டுதல். அதை எழுதும்போது ஓரக்கண்ணால் பார்த்தாள், அவர் ஏதாவது சொல்வாரோ என்று.

அவர் அங்கே பார்க்கவே இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு குழாய் ரிப்பேர்க்காரர் தன் படிவத்தை அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இந்த எட்டாவது கட்டத்துல என்ன எழுதறது? நான் தனியாத்தான் வேலை பாக்குறேன். ‘பங்குதாரர் விவரம்’னு கேக்குறான்.”

“‘இல்லை’ன்னு எழுதுங்க. சும்மா விடாதீங்க. கட்டத்தைச் சும்மா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க.”

“கோடு போட்டா போதாதா?”

“கோடு போட்டா அது என்ன கோடுன்னு கேப்பாங்க. ‘இல்லை’ன்னு எழுதுங்க. ஐயய்யோ, அது பிறந்த தேதி, அங்க இன்னிக்குத் தேதியைப் போட்டிருக்கீங்களே! இன்னிக்கா பிறந்தீங்க?”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேக் செய்து விற்கும் ஒரு பெண் தன் படிவத்தோடு எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர்.

பதினொன்று ஐம்பதுக்கு நாயம்மா கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவதுதான் அவள் கையெழுத்து. கவுன்ட்டருக்குப் போனாள். அந்தப் பெண் படித்துக்கொண்டே வந்து தொழில் கட்டத்தில் நிறுத்தினாள்.

“நாய் குளிப்பாட்டுதலா?”

“ஆமாம்மா.” நாயம்மா கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்டு நாய் நகம் வெட்ட விடவே மாட்டேங்குது, அம்மா. கத்தரியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில போயிடுது.”

“எதிர்ல நின்னு வெட்டாதீங்க. பக்கத்துல உக்காந்து, காலைப் பின்பக்கமா மடக்கிப் பிடிங்க. அது கத்தரியையே பாக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும். அப்புறம் அதுவே காலை நீட்டும்.”

“ஒரு நகம்தானா?” அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தாள். எந்திரம் ஒரு தாளைத் துப்பியது. முத்திரை குத்தி நீட்டினாள். “இது உங்க எண். பத்திரமா வெச்சுக்கோங்க. வாழ்நாள் முழுக்க இதுதான்.”

மேலே அவள் பெயர். கீழே எண். நாயம்மா அதை மூன்று தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிக்கும்போது கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டதால் கடைசி இரண்டு இலக்கம் சரியாகத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் சூப்பிரண்டைக் காணோம். ஒரு கும்பல்தான் இருந்தது. கும்பலுக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது. “அடுத்தவர் யாரு? தள்ளாதீங்க, வரிசையா வாங்க.” காவலாளி, “சார், கூட்டம் போடக் கூடாது சார்” என்று சொல்லப் போனவர், போன கையோடு தன் மச்சானுக்காக ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டு நின்றார்.

கவுன்ட்டரை மூடிவிட்டு அந்தப் பெண் வெளியே வந்தாள்.

“ஐயா, கடைசி அரை மணியில ஆறு விண்ணப்பம் வந்துது. ஒண்ணைக்கூட நான் திருப்பி அனுப்பல. இது இந்த ஆபீஸ்ல நடக்கவே நடக்காத விஷயம்.”

“கட்டத்தைச் சும்மா விடக் கூடாதும்மா. அவ்வளவுதான்” என்றார் அவர்.

“வாசல்ல படிவம் எழுதிக் குடுக்க முன்ன ஒருத்தர் இருந்தாரு. மகன்கிட்ட போயிட்டாரு. அந்த மேசை அப்படியே இருக்கு. நீங்க உக்காரலாமே? ஆனா ஒண்ணு” என்று சிரித்தாள். “சொந்தத் தொழில்னா நீங்களும் வரி எண் வாங்கணும்.”

சூப்பிரண்டு குடையை எடுத்துக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது அந்த மேசையை ஒரு தரம் கையால் ஆட்டிப் பார்த்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மருத்துவமனைக் கணக்கர் தாளைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டார். டாக்டரம்மா சாவியைக் கொடுத்தார். அன்று மாலையே முதல் நாய் வந்தது.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் நாயம்மா தன் அறையில் ஒரு கிழட்டு நாய்க்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். எந்திரத்தின் கத்தி சூடாகியிருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தன் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வெட்டினாள். கதவருகில் குடையோடு சூப்பிரண்டு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நாய் என்றால் அவருக்கு அவ்வளவு தூரம்தான்.

“எங்க போயிட்டு வர்றீங்க?”

“வரி ஆபீஸுக்கு. என்னோட விண்ணப்பத்தைக் குடுத்தேன்.”

எந்திரத்தை நிறுத்தினாள். “சொல்லவே இல்ல! எண் வந்துடுச்சா?”

“திருப்பி அனுப்பிட்டா அந்தப் பொண்ணு.”

“ஐயோ, எதுக்கு?”

“தொழிலின் தன்மையில ‘ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்’னு எழுதியிருந்தேன். ‘அது தொழில் இல்லையே ஐயா, நீங்க இப்ப என்ன பண்றீங்க, அதை எழுதுங்க’ன்னுட்டா.”

நாயம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். வருத்தம் எதுவும் தெரியவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தார்.

“நல்ல பொண்ணு” என்றார். “கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குது. நான்கூட அதைக் கவனிச்சிருக்க மாட்டேன்.”

“அப்ப என்ன எழுதப் போறீங்க?”

அவர் குடையைக் கதவோரமாகச் சாய்த்தார். சாய்ந்தது சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். “‘படிவம் எழுதித் தருதல்’னு எழுதலாம்னு இருக்கேன். சரியா இருக்குமா?”

“அதைத்தானே பண்றீங்க? சரியாத்தான் இருக்கும்.”

“நாளைக்குக் காலையில போய்க் குடுத்துட்டு, அப்படியே மேசையில உக்காந்துடலாம்னு பாக்குறேன். ஆபீஸ் திறக்குறதுக்கு முன்னாடியே ஆளுங்க வந்துடுறாங்க.” சொல்லிவிட்டு, முப்பத்து நாலு வருஷம் சொன்ன அதே குரலில், “எட்டரைக்குள்ள சாப்பாடு கட்டி வெச்சுடு” என்றார்.

“எனக்கு எட்டு மணிக்கே இங்க நாய் வருது” என்று நாயம்மா எந்திரத்தைப் போட்டாள். “நீங்களே கட்டிக்கோங்க. எனக்கும் சேத்துக் கட்டுங்க.”